அன்னிக் கரையேறிய ஆறு வாரம்

முதலில் தெரிந்தது வயிறுதான்.
பட்டைகள் இறுக, கிரேன் முனக,
ரையாத்தேயாவின் தண்ணீரிலிருந்து
சொட்டச் சொட்ட மேலே வந்தாள் அன்னிக்.
ஏழாயிரம் மைல் எங்களைச் சுமந்தவளின்
அடிப்பக்கத்தை அன்றுதான் ஏறிட்டுப் பார்க்கிறோம்:
பச்சைத் தாடி, கொத்துக் கொத்தாய்க் கொட்டலசு,
சுக்கான் இடுக்கில்
வாடகை கொடுக்காத ஒரு நண்டு.

யார் இந்த அன்னிக், என்று கேட்டாள் மொவேரானி
சுரண்டியைத் தொடையில் துடைத்தபடி.
படகை எங்களுக்கு விற்றவரின்
முதல் மனைவி, என்றேன்.
பெயரை மாற்றினால் கடலுக்குக் கோபம் வருமாம்,
எர்வே சொல்கிறான்.
பதினோரு வருடமாக என் பெயரைவிட
அவள் பெயரைத்தான் அதிகம் கூப்பிடுகிறான்,
அதுவும் புயலில், கெஞ்சலாக.
மொவேரானி சிரித்த சிரிப்பில்
பக்கத்துப் படகின் நாய் விழித்துக்கொண்டது.

ஏணிக்குப் பதினான்கு படி.
ராத்திரி ஒன்றுக்குப் போகப் பதினான்கு,
மறந்துவிட்ட டார்ச்சுக்கு மறுபடி பதினான்கு.
முட்டுக்கொடுத்த இரும்புக் கால் வழியே
எறும்புகள் குடும்பத்தோடு ஏறி வந்தன.
நடுக்கடலில் ஒரு நாளும் வாந்தி எடுக்காத எனக்கு
அசையாத படுக்கையில் தலை சுற்றியது.

கொப்புளம் நாற்பத்து மூன்று.
ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு
எண் போட்டான் எர்வே.
உடைத்தால் புளித்த வாடை.
பழைய பெயின்ட்டைத் தேய்த்துத் தேய்த்து
காதுமடல் நீலம், இமை நீலம்,
அவன் பிய்த்துத் தந்த ரொட்டியில்
பெருவிரல் ரேகை நீலம்.
காய வேண்டும், என்றாள் மொவேரானி.
எத்தனை நாள்?
அவள் மலையைப் பார்த்தாள்.
மலைமேல் மழை நின்றிருந்தது.

ஆக்லாந்திலிருந்து பேரிங் வந்தது.
இரண்டு மில்லிமீட்டர் பெரிது.

அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள்
பத்தொன்பது நாள் குடியிருந்தோம்.
வாங்கிய நாளிலிருந்து சேர்த்துவைத்த சண்டையெல்லாம் போட்டோம்;
ஏணியடியில் நான், உச்சியில் அவன்.
விற்றுத் தொலைக்கலாம் என்றேன்.
யார் வாங்குவார், வயிற்றில் எண் எழுதிய படகை, என்றான்.
அக்கம்பக்கத்தார்
தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

மறுநாள் மொவேரானி
செருப்பு நுனியால் மண்ணைக் கீறிக் காட்டினாள்.
மேலே எங்கள் நீலத் தூள்,
அடியில் கறுப்பு, அதற்கும் அடியில் சிவப்பு.
கறுப்பு ஒரு கிழவன், பாக்கி வைத்துவிட்டு
விடியுமுன் போய்விட்டான்.
சிவப்பு ஒரு ஜோடி. இங்கேயே பிரிந்தார்கள்.
அவன் விமானத்தில், அவள் இன்னொருவர் படகில்.
சொல்லிவிட்டு
எங்களை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள்.

நீ பாய்மரத்தில் போயிருக்கிறாயா, என்று பேச்சை மாற்றினேன்.
ஒரே ஒரு தடவை, ஹுவாஹினே வரை.
போகும்போது வாந்தி. திரும்பும்போது
பெரிய கப்பலுக்குச் சீட்டு எடுத்தேன்.
எனக்கு அடிப்பக்கம் போதும்.
மேலே என்ன இருக்கிறது, கயிறுதானே.

சரியான பேரிங் வந்த வெள்ளிக்கிழமை
யாரும் கைதட்டவில்லை. எர்வே அதை
முட்டையைப் போல ஏந்தி உள்ளே நுழைத்தான்.
சப்பித் துப்பிய மிட்டாய் போலத் தேய்ந்திருந்த
துத்தநாகக் கட்டியைக் கழற்றிப் புதிது மாட்டினேன்.
மொவேரானி பின்புறத்தில் பெயரை எழுதினாள்,
கடைசி எழுத்து கொஞ்சம் சரிந்து.
அழித்து எழுதட்டுமா என்றாள்.
வேண்டாம், என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

இறக்கினார்கள். பட்டைகள் தளர்ந்தன.
கரைக்கயிறு பிடித்திருக்க, எஞ்சினை
மெல்ல முன்கியருக்குத் தள்ளினான்.
நான் பின்னறையில் குப்புறப் படுத்து
சுழலும் தண்டின் மேல் டார்ச் அடித்தேன்.
அது முழுக்கக் காயக் கூடாது,
காய்ந்தால் சூடேறித் தேயும்.
கொட்டவும் கூடாது.
நிமிடத்துக்கு நாலைந்து சொட்டு, அவ்வளவுதான் கணக்கு.

ஒன்று.

பதினாறு வரை எண்ணினேன்.

இன்னொன்று.

என்ன ஆச்சு அன்னிக்குக்கு, என்று மேலிருந்து கத்தினான்.
பதில் சொல்லவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.
கன்னத்துக்கு அடியில் அவள்,
ஆறு வாரத்துக்குப் பிறகு,
லேசாகப் புரண்டு படுத்தாள்.